நாற்பது செக்கன் இருட்டு

பொறுமை என்கிற சாமான் என்னிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உலையில் அரிசி போட்டால் அது வேகுமுன் நாலு தரம் மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். இடம்பெயர்ந்து ஓடித் திரிந்த வருடங்களில் அது இன்னும் முற்றிப் போயிற்று. முகாமிலிருந்து வந்து, விடத்தல்தீவுப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் தகரக் கொட்டில் போட்டு மறுபடி குடியேறிய பிறகும், ஓரிடத்தில் பத்து நிமிடம் இருந்தால் கால் தானாக ஆடும். படுத்தால் எழும்பி வேலிவரை நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடி நடப்பேன். யாரும் துரத்தவில்லை, ஷெல் வரவில்லை. ஆனாலும் அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டும் போல உடம்பு அந்தரப்படும். "உங்கடை காலுக்கு ஆரோ சில்லுப் பூட்டி விட்டிட்டினம்" என்பாள் மனைவி. அப்படிப்பட்டவன் போய்ப் பிடித்துக்கொண்ட விசரைப் பாருங்கள்: இருட்டில் அசையாமல் குந்தியிருந்து வானத்தைப் படம் எடுப்பது.

றேடியோ, ரீவி திருத்துவது என் தொழில். கரண்டே இல்லாத ஊரில் அதைத் தொழில் என்று சொல்லிக்கொள்ளவும் ஒரு துணிச்சல் வேண்டும். கார் பற்றரி ஒன்றை வைத்து ஊராரின் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தேன். கனடாவில் இருக்கும் மனைவியின் தம்பி, தான் பாவித்து அலுத்த கமெரா ஒன்றை அனுப்பியிருந்தான். வீடு எழும்புவதைப் படமெடுத்து அனுப்ப வேண்டுமாம். வீடு எழும்பினால்தானே! அத்திவாரம் மட்டும் கிடந்தது.

ஒரு தை மாதத்து மாலை, மழை விட்டு வானம் துலாம்பரமாக இருந்தது. கமெராவை அந்த அத்திவாரக் கல்லின் மேல் மல்லாக்க வைத்து, பத்துச் செக்கன் திறந்துவிட்டுப் பார்த்தேன். வேட்டைக்காரனின் இடுப்பு என்று சொல்கிற மூன்று நட்சத்திரங்களும் வரிசையாக விழுந்திருந்தன. பக்கத்தில் சின்னதாக ஒரு ரோசாநிறக் கறை. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து உடுத்திருந்த சாரத்தால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். கறை போகவில்லை. கமெராவைத் திருப்பி வைத்து எடுத்தேன். கறையும் நட்சத்திரங்களோடு சேர்ந்து திரும்பியிருந்தது. பழுது பார்க்கிறவனின் புத்திக்கு அப்போதுதான் உறைத்தது, பழுது என் சாமானில் இல்லை என்று. அது வானத்தில் உள்ளது.

மன்னார் ரவுணுக்குப் போய் இன்ரநெற் கடையில் தேடினேன். அதை நெபுலா என்கிறார்கள். நட்சத்திரங்கள் உண்டாகிற வாயு மேகம். வெறுங்கண்ணுக்கு ஒரு மங்கல் புள்ளி, கமெராவை நெடுநேரம் திறந்து வைத்தால் சிறகு விரித்த பெரிய மேகம். மற்ற ஆட்கள் எடுத்த படங்களைப் பார்த்தபோது வயிற்றெரிச்சலாக இருந்தது. அவர்களிடம் தொலைநோக்கி, மோட்டார் என்று ஏகப்பட்டது. என்னிடம் கமெராவும் பற்றரியும் இருட்டும் மட்டும். ஆனால் எங்கள் ஊர் இருட்டைப் போல ஒரு இருட்டு அவர்களில் ஒருவனுக்கும் கிடைத்திராது. பதினைந்து வருடம் கம்பி அறுந்து கிடந்த ஊர் அல்லவா.

ஒரு கரைச்சல் இருந்தது. கமெராவை நெடுநேரம் திறந்தால், வானம் நகர்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். வானத்தோடு கமெராவும் நகர வேண்டும். அதற்கு ஏழைகளுக்கென்று ஒரு வழி இருக்கிறது. ஆமி விட்டுப்போன பெட்டியில் இரண்டு பலகையை அறுத்தெடுத்தேன். எங்கள் பழைய குசினிக் கதவின் பிணைச்சலைக் கழற்றி, புத்தகம் திறக்கிற மாதிரி இரண்டையும் பூட்டினேன். பிணைச்சலிலிருந்து ஒன்பது அங்குலத்தில், ஒரு மில்லிமீற்றர் புரியுள்ள ஒரு போல்ட். அந்த போல்ட்டை நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றினால், மேல் பலகையில் உள்ள கமெரா வானத்தின் வேகத்திலேயே எழும்பும். கையால்தான் சுற்ற வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்து, மூச்சைப் பிடித்து, மெள்ள மெள்ள. நாற்பது செக்கன் ஒரு படம். அப்படி முப்பது படம் எடுத்து, திருத்தக் கொடுத்தவர் விட்டுப்போன பழைய லப்டொப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் மேகம் உருவெடுக்கும்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த நாற்பது செக்கன் மட்டும் என் கால் ஆடாது. உடம்பில் இருந்த அந்தரமெல்லாம் விரல் நுனிக்கு வந்து போல்ட்டைச் சுற்றுவதில் செலவழிந்துவிடும். மற்ற நேரம் முழுக்க அடுத்த நாற்பது செக்கனுக்காக அலைந்துகொண்டிருப்பேன்.

பிணைச்சல் வடதுருவ நட்சத்திரத்தை நேராகப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதுதான் எங்கள் பக்கத்தில் பெரிய தலையிடி. மற்ற நாடுகளில் அது உயரத்தில் நிற்கும். மன்னாரில், கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த முட்டி உயரந்தான். பனைக்குள்ளும் வேலிக்குள்ளும் ஒளிந்துவிடும். எங்கள் வளவில் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் அது தெரிந்தது. வேலியோரமாகப் போகிற சின்ன ஒழுங்கை வளைகிற மூலையில், ஷெல்லடியில் பனைகள் முறிந்து ஒரு இடைவெளி கிடந்தது. அந்த இடைவெளிக்குள், ஒழுங்கை வளைவுக்கு நேர் மேலே, அந்த நட்சத்திரம்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. மலைநாட்டிலிருந்து கலவரத்தில் ஓடிவந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. எங்களோடேயே இடம்பெயர்ந்து எங்களோடேயே திரும்பி வந்தவர். தனி ஆள். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்களில் களை பிடுங்கவும் கதிர் அறுக்கவும் நாட்கூலிக்குப் போய், பின்நேர பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் ஒழுங்கையால் நடந்து வீட்டுக்குப் போவார்.

ஊருக்குக் கரண்ட் வரப்போகிறது என்று செய்தி வந்ததும் கிராம அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டினார்கள். தெருவிளக்கு எங்கெங்கே வேண்டும் என்று பட்டியல் கொடுக்க வேண்டுமாம். கையெழுத்து வடிவாக இருக்கும் என்பதற்காக என்னைச் செயலாளராக்கி வைத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத அந்தப் பெண் அன்று எழும்பினார். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு பேசினார்.

"இருட்டினா எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. மாலைக்கண்ணுன்னு ஆசுப்பத்திரியில சொல்லிட்டாங்க. பஸ்ஸு லேட்டானா வேலியத் தடவிக்கிட்டுத்தான் வீடு வந்து சேருறேன். அந்த வளைவுல ஒரு லைட்டு போட்டாங்கன்னா அத வச்சு வந்துருவேன்."

எல்லோரும் ஓம் என்றார்கள். ஒழுங்கை வளைவு என்று என் கையாலேயே பட்டியலில் எழுதினேன். எழுதிய கை வீடு வருமுன்பே குறுகுறுக்கத் தொடங்கிவிட்டது. அந்த விளக்கு நிற்கப்போவது துருவ நட்சத்திரத்துக்கு நேர் கீழே. விடிய விடிய எரியும். இந்த வருடம் மட்டுமல்ல, இனி வரும் ஒவ்வொரு தையும் போயிற்று. எத்தனை வருடம் அலைந்துவிட்டுக் கடைசியாக ஓரிடத்தில் குந்தியிருக்கப் பழகினேன், அதற்கும் வினை வந்துவிட்டதே என்று மண்டை காய்ந்தது. அவருக்கென்ன, இவ்வளவு காலம் வேலியைப் பிடித்து வந்து பழகிவிட்டார்தானே என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். சீ, இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாளே ஒரு கடிதம் எழுதினேன். வளைவில் குடிமனைகள் குறைவு. சனம் கூடுகிற கடைச் சந்தியில் இன்னொரு விளக்குப் போட்டால் பலருக்கும் பயன். ஆகவே வளைவு விளக்கைச் சந்திக்கு மாற்றித் தருமாறு ஊர்மக்கள் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். அதில் ஒரு பொய்யும் இல்லை. அதை வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்பினேன்.

எங்கள் சனத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முகாமில் இருந்த காலத்தில் மாவுக்குக் கையெழுத்து, வாளிக்குக் கையெழுத்து, தறப்பாளுக்குக் கையெழுத்து. வாசிக்க நின்றால் பின்னால் வரிசையில் நிற்பவர் ஏசுவார். வாசித்து முடிக்குமுன் சாமான் முடிந்துவிடும். ஆகவே கடதாசியைக் கண்டால் கை தானாக நீளும். திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு ஐயா கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான், "என்ன தம்பி, தகரமோ சீமெந்தோ?" என்று கேட்டார். "லைற் விஷயம் ஐயா" என்றேன். "நல்லது, நல்லது" என்றார். ஒரு பின்நேரத்துக்குள் ஊரில் முக்கால்வாசி கையெழுத்து வந்துவிட்டது. ஒருவர்கூட ஒரு வரி வாசிக்கவில்லை.

வாசித்தது என் மனைவி ஒருத்திதான். அடுப்படியில் நின்றபடி முழுவதையும் வாசித்தாள்.

"அந்தப் பிள்ளை கேட்ட லைற்றெல்லோ இது?"

"சந்தியிலை போட்டால் கனபேருக்கு உதவும்."

"உந்தக் கண்டறியாத படத்துக்காக ஒரு கண் தெரியாததின்ரை லைற்றைப் பிடுங்கிறியளோ? நான் போட மாட்டன். உங்கடை குட்டை வெளியிலையும் சொல்ல மாட்டன். செய்தது நீங்கள், சொல்லுறதும் நீங்கள்தான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடிதத்தைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தக் கோபத்தோடேயே அடுத்த வளவுக்குப் போனேன். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே அந்த நேரத்துக்குப் போனேனா, தற்செயலா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. அவர் வாசலில் நின்று, என் குரலை வைத்து ஆளை அறிந்தார்.

"என்னங்க அண்ணே?"

"லைற் விஷயம் பிள்ளை. ஒரு கையெழுத்து."

"நமக்காகவா இம்புட்டு அலையிறீங்க!" என்றார். எங்கே போடுவது என்று தெரியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கையைப் பிடித்து, கடதாசியில் வைத்து, இடத்தைக் காட்டினேன். கோணல்மாணலாகப் பெயரை எழுதினார். அடுத்த நாள் காலை எங்கள் வேலிக்கு மேலால் மனைவியிடம் ஒரு முருங்கைக்காய்க் கட்டை நீட்டிவிட்டுப் போனார். மனைவி அதைச் சமைத்து என் சோற்றுக் கோப்பையில் மட்டும் போட்டாள். விழுங்கினேன்.

கடிதத்தை மின்சாரசபைக் கந்தோரில் கொடுத்தாயிற்று. கம்பங்கள் வந்து தெருவோரத்தில் படுத்துக் கிடந்தன. நடுவதற்கு இன்னும் சில கிழமை ஆகும் என்றார்கள். எனக்கு அமாவாசை வந்தது.

அன்று பின்நேரம் மூலை வேலியில் எட்டடி நீளத்துக்கு ஓலைக் கிடுகை அவிழ்த்து எடுத்தேன். துருவ நட்சத்திரம் கிடுகு விளிம்பில் பாதி மறைந்து மறைந்து தெரிந்ததால் பிணைச்சலைச் சரியாகக் குறிவைக்க முடியாமல் இருந்தது. படம் எடுத்து முடிந்ததும் கட்டிவிடலாம் என்பது என் திட்டம். அந்த மூலையிலேயே எங்கள் பழைய கிணறும் இருந்தது. கட்டு இடிந்து, இரண்டு வரிசைக் கல் மட்டும் மிச்சம். கட்டலாம் கட்டலாம் என்று மூன்று மாரி போய்விட்டது. ஒரு வேலையைத் தொடங்கினால் இன்னொன்றுக்குத் தாவுகிற ஆள் நான் என்று முன்பே சொல்லிவிட்டேனே.

ஏழரை மணிக்கு வானம் ஆயத்தம். காற்றில்லை. வேட்டைக்காரன் கிழக்கே நன்றாக எழும்பியிருந்தான். எனக்கே என்னை நம்ப முடியவில்லை, படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊசிமுனை போல விழுந்தன. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. இருபத்து மூன்றாவதைத் திறந்து போல்ட்டைச் சுற்றத் தொடங்கி, பதினைந்து செக்கன் போயிருக்கும். ஒழுங்கையில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே கிடுகில் கை உரசுகிற சத்தம். சரசரவென்று வந்த உரசல் சட்டென்று நின்றது.

பஸ் பிந்தியிருக்கிறது. அவர்தான்.

வேலி முடிந்த இடத்தில் அவருடைய கை வெறுங்காற்றைத் துழாவியது. ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. இல்லாத வேலியைத் தேடிக்கொண்டு என் வளவுக்குள் வந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் இடையில் பத்துக் காலடிதான் இருக்கும். அவருக்கு முன்னால் கிணறு.

எனக்குத் தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் நான் ரோச்சை அடிக்க வேண்டும், அல்லது எழும்பி ஓட வேண்டும், படம் நாசம். இன்னும் இருபத்தைந்து செக்கன். இருபது. நின்றுவிடுவார் என்று நினைத்தேன். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். என் விரல் போல்ட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினைந்து. என் கால் ஆடவில்லை. வாழ்நாளில் நான் அப்படி அசையாமல் இருந்ததில்லை. பத்து. ஐந்து.

கல்லொன்று அவருடைய காலில் தட்டுப்பட்டுக் கிணற்றுக்குள் போயிற்று. தண்ணீரில் விழுந்த சத்தம் அடியிலிருந்து வந்தது. அதே நேரம் கமெரா கிளிக் என்று மூடிக்கொண்டது.

அவர் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்றார்.

"நான்தான் பிள்ளை. அசையாதேங்கோ. அப்பிடியே நில்லுங்கோ." ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அவருடைய கை குளிர்ந்து கிடந்தது. என்னுடையது வியர்த்து ஊற்றியது.

"வேலியக் காணோங்க. வேற ஒழுங்கையில வந்துட்டேனோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிச் சிரிக்கவும் பார்த்தார். "நல்ல வேளை நீங்க இப்பத்தான் வெளிய வந்தீங்க."

கையைப் பிடித்து அவருடைய வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். படலையைத் தொட்டதும் அவருக்கு உயிர் வந்தது.

"நீங்க எழுதிக் குடுத்த பொறவு மனசுல ஒரு தைரியங்க, அண்ணே. லைட்டு வந்துரும்ல?"

"வரும்" என்றேன்.

திரும்பி வந்து, இருட்டிலேயே எட்டடிக் கிடுகையும் கட்டினேன். கிணற்று வாயில் தகரத்தைப் போட்டுக் கல் ஏற்றினேன். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தரம் இறுக்கினேன். மனைவி விளக்கோடு வந்து, நான் முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அந்த இருபத்தைந்து செக்கனையும் சொன்னேன். அவள் விளக்கை நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விடியுமட்டும் நித்திரை இல்லை. வேறு என்ன செய்வது, இருபத்து மூன்று படங்களையும் லப்டொப்பில் போட்டுப் பார்த்தேன். சேர்த்தபோது மேகம் எழும்பியது. ரோசா நிறத்தில் இரண்டு சிறகு, நடுவில் வெள்ளையாகச் சின்ன நட்சத்திரக் கும்பல். நான் ஆசைப்பட்டதற்கு மேலாகவே வந்திருந்தது. தனித்தனியாகவும் பார்த்தேன். எல்லாவற்றிலும் கூர்மையானது எது என்று பார்த்தபோது, அது இருபத்து மூன்றாவது. ஒரு நட்சத்திரத்தில்கூட நடுக்கம் இல்லை.

காலையில் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். அது கந்தோருக்குப் போய், முதலாவது கடிதம் வாபஸாகி, கம்பமும் வளைவிலேயே நட்டு விளக்கும் எரிகிறது. துருவ நட்சத்திரம் எங்கள் வளவிலிருந்து தெரிவதில்லை. வானம் பார்க்க வேண்டுமென்றால் இப்போதெல்லாம் சைக்கிளில் விடத்தல்தீவுக் கடற்கரைவரை போய் வருகிறேன். அதெல்லாம் பிறகு. நான் சொல்ல வந்தது அந்தக் காலையை.

இரண்டாவது கடிதத்துக்கும் ஊர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது. அதே ஐயா, "இது சீமெந்தோ?" என்றார். மனைவி வாசித்துவிட்டு முதல் ஆளாகப் போட்டாள். கடைசியாக அடுத்த வளவுக்குப் போனேன். நல்ல வெயில். அவர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து, கையை நீட்டிப் பேனையைக் கேட்டார்.

"இல்லைப் பிள்ளை. முதல் இதைக் கேளுங்கோ" என்றேன்.

வாசித்தேன். வளைவில் போடவிருந்த விளக்கைச் சந்திக்கு மாற்றும்படி முன்னர் கொடுத்த கடிதம் செயலாளராகிய என்னுடைய சொந்தத் தேவைக்காக எழுதப்பட்டது. அதைக் கையெழுத்திட்டவர்களுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு முந்தின இரவையும் சொன்னேன். நான் அப்போதுதான் வெளியே வந்தவன் இல்லை என்று சொன்னேன். வானத்தைப் படம் எடுத்துக்கொண்டு முழுநேரமும் அங்கேயே இருந்தேன், நீங்கள் வருவதைக் கண்டேன் என்று சொன்னேன்.

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் படம் வந்துச்சா?" என்றார்.

போனில் போட்டு வைத்திருந்தேன். எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. நீட்டினேன். வெயிலுக்குக் கையால் நிழல் பிடித்து, கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தலையை ஒருமுறை சரித்தும் பார்த்தார்.

"இதுக்காங்க?" என்றார்.

"ஓம்" என்றேன். "இதுக்குத்தான்."

போனைத் திருப்பித் தந்துவிட்டு, பேனையை வாங்கி, இந்தத் தரம் யாரும் கை காட்டாமல் தானே இடம் பார்த்துக் கையெழுத்தைப் போட்டார்.